தொப்பி வைத்த சீட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம், தம்பியும் அவன் மனைவியும் நலம், உங்கள் டீம் ரொம்ப ரொம்ப நலம். உன் அப்பாவுக்கு மட்டும் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் எங்கே சொல்வது? நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறார். அப்புறம் புதுக் கோல்கீப்பரின் கையைப் பற்றியும் இடது பக்கம் ஓடுகிற அந்தப் பையனின் காலைப் பற்றியும் நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்து, நான் சாப்பிட்டியா என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் உனக்கு லேபுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால்தான் கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், முன்மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பல் டாக்டர் மாடிக்குப் போயிருக்கிறார், அந்தத் துளைக்கும் சத்தம் நின்று காது கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. ஒரே ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அவரும் டீம் நிறச் சட்டைதான் போட்டிருக்கிறார்.

ஊர் முழுக்க இப்போது அந்த நிறம்தான். நீ போனபோது எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? வாரா வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பெரிய பிரிவிலிருந்து கீழே தள்ளப்பட்டு, டீம் பேரைச் சொன்னாலே கடைக்காரர்கள் சிரித்தார்கள். போன வருஷம் வயதானவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, மீசை முளைக்காத பையன்களாகப் பார்த்துச் சேர்த்து, ஒரு புது கோச்சையும் கொண்டுவந்தார்கள். அந்த மனிதர் மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சீசன் தொடங்கியதிலிருந்து இந்தப் பொடியன்கள் காட்டுகிற ஆட்டத்தைப் பார்த்தால், எனக்கே ஒன்றும் புரியாவிட்டாலும் ஏதோ நடக்கிறது என்று தெரிகிறது. பட்டியலில் இரண்டாவது இடம். முதல் இரண்டு டீம்தான் மேலே போகுமாமே. முடி வெட்டுபவர் கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டே கோல் எப்படிப் போனது என்று காட்டுகிறார், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது என்று தம்பி சொல்கிறான். நல்ல விஷயம்தான். ஊர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று. ஆனால் இந்தச் சந்தோஷம் நம் வீட்டுக்குள் வந்து செய்கிற வேலையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். ஆபரேஷன்தான் வழி, அதுவரை தாங்குவதற்குத்தான் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றும் சொன்னார். அதை அப்பா உன்னிடம் எப்படிச் சொன்னார்? சின்ன ரிப்பேர், லிப்டுல கயிறு மாத்துற மாதிரி, என்றுதானே சொன்னார். வாழ்நாள் முழுக்க லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கயிறு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தும் ஆளை ஏற்றுவாரா என்று நீயே கேள். இப்போது முதல் மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறார். லேஸ் அவிழவே இல்லை. மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாதாம்.

முதல் ஆட்டத்தன்று அவசரத்தில் மாத்திரை போட மறந்துபோனார். அன்று ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு நானே தண்ணீரோடு பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன், ஆளுக்கு ஒரு கோல் என்று முடிந்தது. போயும் போயும் அதிலா ஒருவர் கணக்குப் போடுவார்? உன் அப்பா போட்டார். அதன் பிறகு ஆட்ட நாளில் மாத்திரை கிடையாது. நீயும் உன் பங்குக்குப் போனில், அப்பா எதையும் மாத்தாதீங்க, அதே சட்டை, அதே சீட்டு, அப்படியே போகட்டும், என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். விளையாட்டுக்குச் சொன்னாய், தெரியும். அவருக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. தம்பி வந்து கத்தினான். அவன் எதிர் டீம் ரசிகன் என்பதுதான் உனக்குத் தெரியுமே. அந்த டீம் ஆளு என் மாத்திரையைப் பத்திப் பேசறதுக்கு உள்நோக்கம் இருக்கும்மா, என்று அப்பா என்னிடம் சொல்கிறார். பெற்ற பிள்ளையைப் பற்றி! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து வந்தவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடெல்லாம் வெளுத்து, பேச முடியவில்லை. அன்றைக்குப் பயந்துதான் ஆபரேஷனுக்குச் சரி என்றார். நாளும் குறித்தாயிற்று. எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தத் தெம்பில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வார ஆட்டத்தன்று மாத்திரையைப் பொடி செய்து அவர் டீயில் கலந்துவிட்டேன். பொடி செய்யலாமா என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். அவர் யாருக்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா டீயைக் குடித்துவிட்டு, இன்னிக்கு டீ கொஞ்சம் கசக்குதே, என்றார். தூள் மாற்றினேன் என்றேன்.

அன்றைக்குத்தான் தோற்றார்கள். கடைசி இடத்தில் கிடக்கிற டீமிடம், நம் மைதானத்திலேயே, மூன்று கோல் வாங்கிக்கொண்டு. வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். சட்டை அதேதான், போன வழி அதேதான், சீட் அதேதான், மாத்திரையும் போடவில்லை. எங்கே தப்பு நடந்தது? யோசித்து யோசித்து, ஆபரேஷனுக்குச் சரின்னு சொன்னேன் பாரு, அங்கதான் தப்பு, என்றார். திங்கட்கிழமை நான் கிளினிக்குக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து, சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம் என்று சொல்லி, குறித்த நாளை ரத்து செய்துவிட்டார். சீசன் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு காலம் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வலி குறைந்துவிட்டது என்று அப்பாயிண்ட்மெண்டை ரத்து செய்கிறவர்களோடு தினம் மல்லுக்கட்டுகிறவள் நான். என் வீட்டிலேயே ஒருவர் இப்படி.

என் நிலைமையைப் பார். உங்கள் கணக்குப்படியே வைத்துக்கொண்டாலும் தப்பு ஆபரேஷன் இல்லை, டீதான் என்று சொன்னால் ஒருவேளை மறுபடி நாள் குறிக்க ஒத்துக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு மாத்திரையை எந்த நாளும் தொடமாட்டார், என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். சொல்லாவிட்டால் ஆபரேஷன் இல்லை. இரண்டு பக்கமும் இடி. யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரியும் டீம் தொப்பியோடு நிற்கிறாள். மூன்று கோலுக்கும் நான்தான் காரணம் என்று தெரிந்தால் காய்கறிக் கடையில் எனக்கு எடைகூடப் போடமாட்டார்கள்.

போன சனிக்கிழமை அவரைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போனேன். காலையில் டீ போட்டேன், மாத்திரையையும் பொடி செய்து காகிதத்தில் வைத்திருந்தேன். போடவில்லை. போன தடவை தோற்றது நினைவுக்கு வந்தது, கை நின்றுவிட்டது. உன் அம்மாவுக்கா இந்தப் புத்தி என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மேல் ஸ்டாண்டுக்குப் படிக்கட்டுதான், லிப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் லேஸ் கட்டினார், நானும் என் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்றேன். மேலே போனால் ஜன வெள்ளம். அவர் தன் சீட்டில் உட்கார்ந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். எனக்குத்தான் இடம் பிடிக்கிறார் என்று நினைத்து, தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்காரப் போனேன். உன் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தி, அங்க ஆள் வருது, என்றார். கட்டிய பெண்டாட்டியிடம்! எந்த ஆள் என்று கேட்டேன். மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் வரிசையில் 'விசில்' இருந்தார், அதுதான், அப்பாவின் கூட்டாளி, அந்த ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். அவர்தான் நகர்ந்து எனக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். அதற்குள் ஒரு குடும்பமே வந்து அந்தச் சீட்டைக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் கேட்டார். எல்லோருக்கும் அதே பதில். ஆள் வருது, ஆள் வருது.

இடைவேளையில் அப்பா முகம் கழுவப் போனபோது விசிலிடம் கேட்டேன். உங்களுக்குத் தெரியாதாம்மா, அது உங்க பொண்ணு சீட்டு, சீசன் டிக்கெட்டை வருஷா வருஷம் ரெண்டாத்தான் வாங்குவாரு, என்றார். தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஸ்டாண்டே காலியாகக் கிடந்தது, ஒருவரும் கேட்கவில்லை, தொப்பி வைக்கவும் தேவையிருக்கவில்லை. இப்போதுதான் கூட்டம் வருகிறது, ஆட்டத்துக்கு ஆட்டம் பத்துப் பேருக்குப் பதில் சொல்கிறார். அப்புறம் விசில் இன்னொன்றும் சொன்னார். டீம் மேல வந்தா அவளும் வந்துடுவா, வார்த்தை குடுத்துட்டுப் போயிருக்கா, என்று அப்பா இவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு வெற்றிக்கும்.

நீ விமான நிலையத்தில் சொன்னது அது. நானும் பக்கத்தில்தான் நின்றேன், உன் பெட்டியின் வாரைக் கட்டிக்கொண்டு. அப்போதுதான் டீம் கீழே விழுந்திருந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்து, அழாதீங்கப்பா, இந்த டீம் மறுபடி மேல வந்தா நானும் ஊருக்கே வந்துடறேன், என்றாய். நாம் மூவரும் சிரித்தோம். நடக்காத காரியம் என்றுதான் சிரித்தோம். நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்திருப்பாய். அந்த மனிதர் மட்டும் அதை மனதில் முடிந்து வைத்திருக்கிறார். அவர் அந்தப் பையன்களுக்காகவா மாத்திரையை விட்டார்?

அந்தச் சனிக்கிழமை ஜெயித்தார்கள். கடைசி நேரத்தில் அந்த இடது பக்கத்துப் பையன் கோல் போட்டான். ஸ்டாண்டே எழுந்து குதித்தது. அப்பாவும் எழுந்தார், கையைத் தூக்கினார், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறம், ஆனால் சிரிப்பு. பாத்தியா, பாத்தியா, என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். ஒரு கையில் அந்தத் தொப்பியைப் பிடித்திருந்தார், யாரும் தட்டிவிடாமல்.

அம்மாடி, நான் உன்னைத் திட்ட எழுதவில்லை. வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து கிட என்றும் சொல்லவில்லை. உன் வாழ்க்கை அங்கே இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அவருக்கும் உள்ளுக்குள் தெரியும். ஒரே ஒரு ஆட்டத்துக்கு வா. டீம் மேலே போனாலும் போகாவிட்டாலும் வா. வருகிற தேதியை நீயே போனில் சொல், ஸ்பீக்கரில்தான் இருக்கும், நானும் கேட்கிறேன். அதற்கு மறுநாளே ஆபரேஷனுக்கு நாள் வாங்கிவிடலாம், நீ இருக்கும்போது அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். உன் வரவைப் பதினொரு பொடியன்களின் காலில் கட்டிவிட்டு அவர் காத்திருக்கிறார், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம், அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள். என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் நிஜமாகவே மேலே வந்து, நீயும் வந்து, அந்தச் சீட்டுக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தால் நான் என்ன செய்வேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், முடிக்கிறேன். குளிரில் தலைக்கு ஒன்றும் போடாமல் வெளியே போகாதே, ராத்திரி ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. டீ விஷயம் உன் வாயிலிருந்து வரவே கூடாது, ஞாபகம் வைத்துக்கொள். நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று உன் உச்சியை முகர்ந்து வாழ்த்துகிறேன், அப்பாவின் வாழ்த்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

வருகிற சனிக்கிழமையும் யாராவது வந்து அந்தச் சீட்டைக் கேட்பார்கள். ஆள் வருது என்று அவரும் சொல்வார். அது நிஜமா பொய்யா என்று மட்டும் எனக்கு உடனே எழுது.

உன் அம்மா