மூட்டையின் வலது காது

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. உறையின் மேல் இருக்கும் முத்து முத்தான எழுத்து அம்மாவுடையது. உள்ளே இருக்கும் இந்தக் கோழிக் கிறுக்கல் என்னுடையது. இடது கையால் எழுதுகிறேன். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் மற்றதை நீ படிக்க மாட்டாய். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஆகவே இதை முடிக்க நான்கைந்து நாட்களாவது ஆகும்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். மூன்று வாரமாகப் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்! நம் நாயைப் பற்றி, ‘மூட்டை என்ன பண்றான்பா?’ என்று நீ கேட்டதும் என் வாய் தானாகப் பொய் சொல்லிவிடுகிறது. நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான் என்று சொல்லிவிட்டுப் போனை அம்மா கையில் திணித்துவிடுகிறேன். தாளில் உன் குரல் கேட்காது. அதனால்தான் எழுதத் தைரியம் வந்தது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. சலூனில் பெரிய கண்ணாடியை மாற்றியாகிவிட்டது. புதுக் கண்ணாடியில் என் வழுக்கை இன்னும் பளிச்சென்று தெரிகிறது, வருகிறவர்களுக்கெல்லாம் அதில் ஒரே சந்தோஷம். முதல் மாடி மருந்துக்கடைக்காரரின் மகள் சிட்டுவுக்கு ஆறு வயதாகிவிட்டது, முன்பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லைக் கொண்டுவந்து மூட்டையிடம் காட்டி, உனக்கும் விழும், பயப்படாதே, மறுபடி முளைக்கும் என்று ஆறுதல் சொன்னாள். மூட்டை அதை நக்கப் பார்த்தது.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

மூட்டை இங்கே இருக்கலாமா என்று கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டார்கள் என்றும், நம் பக்கம் முடிவானது என்றும் சொன்னேன் அல்லவா? அங்கே என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவில்லை. மூன்றாம் மாடி கணக்கு வாத்தியார் செய்தித்தாள் துண்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி எடுத்து வந்திருந்தார். எந்த ஊரில் எந்த நாய் யாரைக் கடித்தது என்று வரிசையாகப் படித்தார். ராட்வைலர் மாதிரி நாயைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வளர்க்கவே கூடாது, அது பழகினாலும் பழகாவிட்டாலும் ஒன்றுதான் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று, ‘நாய் கெட்டுப்போறதும் நல்லா இருக்கறதும் வளக்கறவன் கையில. பொறப்பைப் பாத்து யாரையும் ஒதுக்காதீங்க’ என்றேன். கத்தரிப் பெட்டியோடு போன உன் தாத்தாவை எந்த வீட்டில் எதுவரை உள்ளே விட்டார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதை நான் அங்கே சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டார்கள். வாத்தியாரும் நோட்டை மூடிவிட்டார்.

என் பேச்சை நம்பி மூட்டை இருக்கலாம் என்று விட்டார்கள். வெளியே வரும்போது மருந்துக்கடைக்காரர், ‘உங்களை நம்பித்தான் அண்ணே பிள்ளையைக் கீழ விடறேன்’ என்றார். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் இரண்டு தடவை முழுப் பேச்சையும் பேசிக் காட்டினேன்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் மூட்டை என்னைக் கடித்தது.

உடனே அதன் மேல் கோபப்படாதே, முழுதும் கேள். அதற்கு வலது காதில் புண். காதோரத்து முடி சீழில் ஒட்டிக் கட்டி கட்டியாகிவிட்டது. மிருக டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முடியை எடுத்தால்தான் மருந்து போட முடியும், நாளைக்குக் கூட்டி வாருங்கள், மயக்க ஊசி போட்டு நானே எடுக்கிறேன், நீங்கள் தொடாதீர்கள் என்றார். காதோரத்து முடி எடுக்க எனக்கு இன்னொருவரா? முப்பத்தெட்டு வருடமாக வேறு என்ன வேலை செய்தேன்? அம்மா, ‘வேணாங்க, வாயில்லாத ஜீவன், வலிக்கும்’ என்று முடி எடுக்கும் மெஷினைப் பிடுங்கப் பார்த்தாள். அடுப்படி வேலையைப் பார் என்று விரட்டிவிட்டேன்.

கடைக்கு அன்று விடுமுறை. மூட்டை வழக்கம்போல இரண்டு நாற்காலிக்கும் நடுவில் படுத்திருந்தது. மெஷினைக் காதருகே கொண்டு போனேன். உறுமியது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. மறுபடி கொண்டு போனேன். மறுபடி உறுமியது. இதைவிட ஒரு நாய் எப்படித்தான் சொல்லும், தம்பி? ஆனால் நாற்காலியில் நெளிகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கை இது. அவர்களை எப்படிப் பிடிப்பேனோ அதே மாதிரி இடது உள்ளங்கையால் மூட்டையின் மண்டையை அமுக்கி, ‘ஆடாம இருடா ராஜா, ஆச்சு ஆச்சு’ என்றேன். மெஷின் புண்ணில் பட்டுவிட்டது.

ஒரே கடிதான். வலது கை. கடித்தது, விட்டது, விட்டதும் நாற்காலிக்கு அடியில் புகுந்து நடுங்கிக்கொண்டிருந்தது. பதினேழு தையல். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போகிற நரம்பு அறுந்து, ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். நாய்க்குத் தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருந்தோம், எனக்கும் ஊசிகள் போட்டாகிவிட்டது, அந்தப் பயம் வேண்டாம். விரல் மடங்க நான்கு மாதம் ஆகும், பயிற்சி செய்யுங்கள், பார்ப்போம் என்றார் டாக்டர். டாக்டர்கள் எப்போது ‘பார்ப்போம்’ என்பார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே என்ன சொல்வது? சவரக்கத்தி வழுக்கிவிட்டது என்று அம்மா வாயில் வந்துவிட்டது. நானும் ஆமாம் போட்டேன். மருந்துகூட மேல்வீட்டுக்காரர் கடையில் வாங்காமல் நாலு தெரு தள்ளிப் போய் வாங்கினோம். யோசித்துப் பார், முப்பத்தெட்டு வருடம் பிறர் கழுத்தில் கத்தி வைத்தவன் தன் கையையே கிழித்துக்கொண்டான் என்றால் தெரு சும்மா இருக்குமா? தபால்காரர், ‘வயசாச்சுல்ல, கை நடுங்கத்தான் செய்யும், விடுங்க’ என்று ஆறுதல் சொன்னார். அவருக்கு இருபது வருடமாக நான்தான் சவரம். இரண்டாம் நாற்காலிக் கூட்டாளிதான் இப்போது எல்லா வேலையும் பார்க்கிறார். நான் இடது கையால் சோப்பு நுரை தடவிக் கொடுக்கிறேன். கை தேறினாலும் இனி எனக்குக் கழுத்தை நீட்டுவார்களா தெரியாது. இருந்தாலும் மூட்டைக்காக என் பெயரைக் கொடுத்தேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. பொய்க்கும் ஒரு பெருமை, பார்.

சிட்டு மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தாள். மூட்டை தூங்குது, மூட்டைக்குக் காய்ச்சல் என்று அம்மா ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவாள். அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாக்கே தேவையில்லை. சொன்னால் மூட்டை போய்விடும். மூட்டையை என்ன செய்வது என்று உன்னிடம் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

மேலே உள்ளது முந்தாநாள் வரை எழுதியது. நேற்றோடு கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

நேற்றுக் காலை அம்மா மளிகை வாங்கப் போயிருந்தாள். நான் ஒருவருக்கு நுரை தடவிக்கொண்டிருந்தேன். புதுக் கண்ணாடியில் பின்வாசல் முழுதாகத் தெரியும். சிட்டு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மூட்டையின் கழுத்தைச் சுற்றி நம் வெள்ளைத் துண்டைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு கையில் பிளாஸ்டிக் சீப்பு, இன்னொரு கையின் சின்ன உள்ளங்கையால் அதன் மண்டையை அமுக்கிக்கொண்டு, ‘ஆடாம இருடா ராஜா, ஆச்சு ஆச்சு’ என்றாள். என் வாயால் தினமும் கேட்டுப் பழகிய வார்த்தைதானே. சீப்பு வலது காதருகே இருந்தது.

மூட்டையின் மேலுதடு தூக்கிக்கொண்டது. பல் தெரிந்தது. ஆனால் அது அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தது. வந்து இவளைக் கூப்பிட்டுக்கொள் என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது, சத்தியமாக.

கத்தினால் அது மிரண்டுவிடும். சாதாரணக் குரலில், ‘சிட்டு, மாமாவுக்கு இந்தக் கிண்ணத்தைப் பிடிச்சுக்க வா கண்ணு’ என்றேன். சீப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். மொத்தம் எட்டு அடி தூரம். அவள் வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

நுரையோடு இருந்தவரை அப்படியே கூட்டாளியிடம் விட்டுவிட்டு, சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கட்டைப் பிரித்தும் காட்டினேன். அவர் கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி மேஜை மேல் உட்காரவைத்து, கை, முகம், காது எல்லாம் தடவிப் பார்த்தார். பிறகு, ‘மூணு வாரமாவா அண்ணே?’ என்றார். அவ்வளவுதான் கேட்டார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

தம்பி, நேற்றிலிருந்து ஒன்றையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இஸ்திரிக்காரர் வீட்டுக் குட்டி நாய் என்னை மூன்று தடவை கடித்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்கு வந்துவிட்டேன். அதற்கும் மூட்டைக்கும் கோபம் ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். சொல்லப்போனால் மூட்டைதான் பொறுமைசாலி. ஆனால் தாடை ஒன்றல்ல. கத்தரியும் சவரக்கத்தியும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன, பிள்ளை கையில் எதைக் கொடுப்போம்? கணக்கு வாத்தியார் சொன்னதை முழுக்க ஏற்கவும் மனம் வரவில்லை. மூட்டை கெட்ட நாய் இல்லை, அந்த இனத்தில் நீ தேடித் தேடி எடுத்த தங்கம். ஆனால் நல்ல நாய்க்கும் ஒரு கெட்ட நாள் வரும், அந்த நாளில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

அன்று கூட்டத்தில் நான் மூட்டைக்காகப் பேசவில்லை, எனக்காகப் பேசினேன். மனிதனைப் பிறப்பைப் பார்த்து ஒதுக்குவது அக்கிரமம். ஒரு மிருகத்தின் பல்லைப் பார்த்துப் பயப்படுவது அக்கிரமம் இல்லை. நான் என் வழக்கை அதன் வழக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அந்த வாயில்லாத ஜீவன் தலையில் அவ்வளவு பாரம் ஏற்றியிருக்கக் கூடாது.

டாக்டரம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். காவல் நாய்களைப் பழக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றுச்சுவர் வைத்த தோப்பு, அவரும் மனைவியும் மட்டும்தான், பிள்ளைகள் நடமாட்டம் இல்லை. நேற்று மாலை வந்து பார்த்தார். அரை மணி நேரம் மூட்டையைத் தொடவே இல்லை, சும்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மூட்டையே எழுந்து போய் அவர் மடியில் தலையை வைத்தது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டிப்போக வேன் கொண்டு வருகிறார். நீ அதைச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்த அன்று போட்டிருந்த நீலச் சட்டையைத்தான் அது விரித்துப் படுக்கிறது. அதைத் துவைக்காமல் கூடவே அனுப்ப அம்மா மடித்து வைத்திருக்கிறாள். நீ எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அவரிடம் வாக்கு வாங்கிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன். கேட்டிருந்தால் நீ அழுவாய், நான் மறுபடி பொய் சொல்வேன். என்னை மன்னித்துவிடு.

கத்தி வழுக்கவில்லை என்று தெரிந்ததில் தபால்காரருக்கு ஏக சந்தோஷம். கை சரியானதும் முதல் சவரம் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உனக்கும் நான்கு மாதத்தில் லீவு. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன், அங்கே யாரோ உன் தலையைக் குதறி வைத்திருக்கிறார்கள், இரண்டு காதோரமும் ஏற்ற இறக்கமாக இருக்கிறது. இனி யாரிடமும் வெட்டிக்கொள்ளாதே. மேலதிகாரி திட்டினால் தொப்பியைப் போட்டுக்கொள். வளர்த்துக்கொண்டு வா. வந்து என் முதல் நாற்காலியில் உட்கார். என் கை கொஞ்சம் நடுங்கினாலும் நீ மட்டும் ஆடாம இருடா ராஜா.

நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா