உட்கார்ந்தால் வராத ஏழு

மார்ச் 4, செவ்வாய்

நூலகத்தின் பின்னறையில் தாள வகுப்பு. நாற்பது பேர் திரண்டிருந்தார்கள். சரி, நாற்காலிகள் நாற்பது, ஆட்கள் மூன்று. இதை நான் மட்டும்தானே படிக்கப்போகிறேன், எதற்கு வம்பு.

தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை. தையற்காரருக்குக் காதில் விழுந்தால் போதும், கை தானாகத் தட்டும். கணக்கர் கட்டம் போட்டுப் புள்ளி வைத்தால்தான் நகர்வார். மருந்துக்கடை அம்மாவுக்கு இரண்டும் சரிப்படவில்லை. ஆறில் நிற்கிறார், இல்லையென்றால் எட்டுக்கு ஓடுகிறார்.

ஒரே மேடையில் இருபது மேளக்காரர்களைத் திணறடித்த கதையைச் சொன்னேன். "போன வாரம் பத்துன்னீங்க மாஸ்டர்," என்றார் தையற்காரர். புகழ் வளரத்தானே செய்யும்.

மார்ச் 7, வெள்ளி

"நீங்க எந்தப் பக்கம் மாஸ்டர்?" என்று வாசலில் கேட்டார் மருந்துக்கடை அம்மா. அவர் பாலத்தைத் தாண்டிப் போகிறவர். நானும் அந்தப் பக்கம்தான் என்றேன். (என் வீடு நூலகத்துக்கு எதிர்ச்சந்து.)

வழியெல்லாம் தகிட தகதிமி சொல்லிக்கொண்டே நடந்தேன். பாலத்தில் சட்டென்று நின்றார். "மாஸ்டர், மொதல் தட்டு ஒரு வாட்டி வலது கால்ல விழுது, அடுத்த வாட்டி இடது கால்ல." ஏழு ஒற்றைப்படை, கால் மாறத்தான் செய்யும். இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. பிறந்தபோதே தெரிந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் வீட்டு வாசல்வரை ஒரு தட்டு பிசகவில்லை.

திரும்பி வரப் பேருந்து. நின்றுகொண்டே வந்தேன், வலிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை மகள் போன் செய்தாள். என் வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை கேட்கிற இன்னொரு குரல். "சாப்டீங்களா மாமா? க்ளாஸ் எப்படிப் போகுது?" உட்கார இடமில்லாமல் ஜன்னலில் தொங்குகிறார்கள் என்றேன். "அளந்து விடுங்க," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் அளந்திருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

மருந்துக்கடை அம்மா நடந்தால் சிங்கம். உட்கார்ந்தால் மறுபடி ஆறு.

பாட்டுக்குழுவில் கஞ்சிரா வாசிக்க ஆள் தேடுகிறார்களாம். அம்மாவுக்குக் கொள்ளை ஆசை. செவ்வாயும் வெள்ளியும் ஒத்திகை. நம் வகுப்பு நாட்கள். "நடந்துக்கிட்டே வாசிக்க விடுவாங்களா மாஸ்டர்?"

உட்கார்ந்து வரவைக்க வழி இருக்கிறது. மேசைக்கு அடியில் குதிகாலை மட்டும் நடக்கவிட வேண்டும். பிறகு செருப்புக்குள் விரலை. பிறகு அதையும் நிறுத்திவிடலாம். பாலத்தில் வரும்போதே யோசித்துவிட்டேன்.

சொல்லவில்லை. பொறுமை வேண்டும் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் பொறுமை வேண்டும் என்றேன். நடந்தோம்.

மார்ச் 21, வெள்ளி

பாதியில் அம்மா கையை மடக்கிக்கொண்டார். "என் மண்டையில எதுவும் ஏறாது மாஸ்டர். சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். இனிமே வரல." பையை எடுத்துவிட்டார்.

எட்டாம் வகுப்பில் என்னைப் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டு வாத்தியாரும் அதைத்தான் சொன்னார், ஏறாது என்று. அதோடு பள்ளிக்கூடம் போகாதவன் நான். அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்? வழித்துணைக்காக ஒரு மனுஷிய மண்டுன்னு நம்ப வச்சு—

"உக்காருங்க. குதிகால மட்டும் நடக்க விடுங்க," என்றேன். கணக்கர் கட்டத்தை விட்டு நிமிர்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஏழு வந்து அம்மாவின் கையில் உட்கார்ந்தது. தையற்காரர் கைதட்டினார். அவருக்குத் தாளம் தப்பியது இன்றுதான்.

மார்ச் 25, செவ்வாய்

வழியெல்லாம் அம்மா பாட்டுக்குழுவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். நான், கேட்டுக்கொண்டு.

ஏப்ரல் 1, செவ்வாய்

இரண்டு பேர்.

"அம்மாவ குழுவுல சேத்துக்கிட்டாங்களாம். காலு அசையவே இல்லயாம்," என்றார் தையற்காரர். என் மாணவியாயிற்றே, இதுபோல் நூறு பேரை உருவாக்கியிருக்கிறேன் என்றேன். போன வாரம் எத்தனை என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

அறையைப் பூட்டிவிட்டுச் சாலையைக் கடந்தேன். வீடு இவ்வளவு பக்கத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது.