காதில் விழாமலே சொன்ன 'சரி'

என் பிரியமுள்ள கரீம் பாய்,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பங்குனி மறுபடி வந்திருக்கிறது. ஜோலார்பேட்டையில் சாயங்காலம் நாம் ஊர்விட்டு ஊர் பேசிய ஹாம் ரேடியோவைப் போட்டால் அதே நடுக்கம்தான். குரல்கள் குலுங்கிக் குலுங்கி உடைகின்றன.

நீங்கள் இருந்தவரை அதற்கு உங்களைத்தான் திட்டினேன். "இன்னா பாய், தோல் ஃபாக்டரி மோட்டாருக்கு ஒயர் கட்ற மாதிரியே ஏரியலையும் கட்டிட்டீங்களா?" நீங்கள் விடுவீர்களா? "ரயில்வே சிக்னல் பார்த்த ஆளுக்குக் கைகாட்டி எறங்கினாத்தான் புரியும்!" ஆனாலும் மறுநாளே ஆம்பூரில் உங்கள் வீட்டு மாடியேறி எல்லா இணைப்பையும் பிரித்துப் பற்றவைப்பீர்கள். உங்கள் கைவேலையில் தப்பே இல்லை, பாய். இப்போதுதான் படித்தேன். நம் அலையைத் திருப்பி அனுப்புகிற உயரத்து மின்படலம், பொழுது சாய்ந்ததும் குமிழியும் கட்டியுமாகக் கலைகிறதாம். அதில் பட்ட அலை சிதறி, பல வழியில் வந்து சேர்கிறதாம். நம் பக்கத்து வானத்தில் இது ஜாஸ்தியாம்.

ஆனால் சொல்லவந்தது அதுவல்ல. அந்தக் கடைசி சாயங்காலம் ஏதோ கேட்டீர்கள். புரியவில்லை. "மறுபடி சொல்லுங்க" என்றேன். சொன்னீர்கள், அதுவும் உடைந்தது. காதில் விழாததை விழுந்ததாகச் சொல்லக் கூடாது என்பது நம் ஹாம் ஆட்களின் முதல் சட்டம். உங்களுக்கோ மூச்சு வாங்கியது. இன்னொரு தடவை கேட்க மனசு வராமல், "சரி பாய், வந்துடுச்சு" என்றுவிட்டேன்.

ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். ரேடியோவில் பேசியதை ஃபோனில் கேட்டால் தோற்ற மாதிரி என்று நமக்குள் ஒரு வீம்பு. பாழாய்ப்போன வீம்பு.

அடுத்த வாரமே உங்கள் மௌத் செய்தி வந்தது. ஆம்பூருக்கு ஓடிவந்தேன். உங்கள் வீட்டம்மா, நம் பாபி, அழுகைக்கு நடுவில் கேட்டார்: "வெள்ளிக்கிழமை வர்றேன்னீங்களாமே தம்பி? உங்களப் பார்த்துட்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்னு, மாடியில ரெண்டு நாற்காலி போட்டு உக்காந்துட்டு இருந்தாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரயில் லேட், பாபி." ஆயுசு முழுக்க ரயிலுக்கு சிக்னல் பார்த்தவன், ரயில் மேலேயே பழியைப் போட்டேன்.

என்ன பேச நினைத்திருந்தீர்கள்? பயமாக இருந்ததா, பாய்? குரலை உடைத்தது வானம்தான். "வந்துடுச்சு" என்று சொன்னது நான். வெட்கமாக இருக்கிறது.

இந்த வெள்ளிக்கிழமை ஆம்பூர் வருகிறேன். பாபியிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் அனுமதித்தால், மாடியில் அந்த இரண்டாவது நாற்காலியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வருஷம் தாமதமாக வரும்,
உங்கள் ஜோலார்பேட்டைத் தம்பி
சேகர்