இல்லை என்று சொன்ன அரிசி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, இப்போதுதான் என் நரை அவர் கண்ணில் படுகிறதாம்.

நூல் ஆலையை மூடி மூன்று மாதமாகிறது, நம் தெருவில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரிதான் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு இஸ்திரிக்காரர் கொட்டகையில் எல்லோருக்குமாகச் சமைக்க ஆரம்பித்தாள். முடிந்த அரிசியைக் கொடுங்கள் என்று நம் வீட்டுக்கும் வந்தாள். உன் கட்டிலுக்கு அடியில் இரண்டு மூட்டை முழுசாக இருந்தது, ஆனால் நாளைக்கு நமக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் "எங்க வீட்டுலயே இல்லையேம்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். மறுநாள் மதியம் தூக்குவாளியில் இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவந்து, "முன்னாடியே சொல்ல வேண்டியதுதானேக்கா, இதுல என்ன வெக்கம்" என்று நீட்டினாள். வாங்காவிட்டால் குட்டு உடைந்துவிடும், வாங்கினேன். பதினெட்டு நாள் வாங்கினேன் மகளே. தெருவில் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன், அவரும் உப்பு பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை அவள் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்துவிட்டாள். "சோறு பத்தலைன்னா தன் பங்கைத்தான் மொதல்ல விடுவா, கேட்டா சாப்பிட்டாச்சும்பா" என்றார் இஸ்திரிக்காரர். நேரே வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே இரண்டு மூட்டையையும் தள்ளுவண்டியில் ஏற்றினார். பிரித்துப் பார்த்தால் ஒன்றில் பாதி வண்டு. பாயில் படுத்திருந்தவளிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "உங்களுக்குக் கொடுத்த ரெண்டு பங்கை நம்ம தெருக் கடைசி வீட்டுக்காவது கொடுத்திருக்கலாமேக்கா, பத்தாதுன்னு அவங்களைத் திருப்பி அனுப்பிட்டேனே" என்றாள். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது, எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது தினமும் காலையில் கொட்டகையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறேன். முதல் தட்டை அவளுக்குப் போட்டு, அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்திருக்கிறேன். இன்னமும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. இதைப் படித்துவிட்டு எனக்குச் சமாதானம் எதுவும் எழுதாதே, கடைசி வீட்டுக்காரர்களை அந்தப் பக்கம் எங்காவது பார்த்தால் மட்டும் உடனே தெரியப்படுத்து.

இப்படிக்கு,
உன் அம்மா