கிட்டாரில் காணிக்கைப் பாட்டு

ஞாயிறு இரவு, அஸ்தம்பட்டி

தொண்டை ஆபரேஷனோடு என் குரல் போய்விட்டது. விரலால் மீட்டினால் கிட்டாரே பாடும் என்றுதான் கற்க ஆரம்பித்தேன். ஆசைப்பட்டு எடுத்ததோ வேகமான பாட்டு. விரல் எரிந்ததுதான் மிச்சம்.

இன்று மனைவி ஸ்டெல்லா வெங்காயம் உரித்தபடியே, "ஏனுங்க, சர்ச் பூசையில நீங்க பாடுவீங்களே காணிக்கைப் பாட்டு, அதை வாசிங்க. மெதுவாத்தானுங்க போகும்" என்றாள்.

வாசித்தேன். அவளே பாடத் தொடங்கினாள். பாதியில் அடுத்த தந்தி தெரியாமல் தடுமாறினேன். அவள் நிறுத்தவில்லை. நான் கண்டுபிடிக்கும்வரை பாடிக்கொண்டிருந்த எழுத்தையே மூச்சு முட்ட இழுத்துப் பிடித்திருந்தாள். பிறகு இருவரும் சேர்ந்தே அடுத்த வரிக்குப் போனோம்.

சாப்பிடும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

"கேட்டுருச்சுங்க" என்று இன்னொரு தோசையை வைத்தாள்.