கீழேயிருந்து முதல் கம்பி

என் பிரியமுள்ள எஸ்தருக்கு,

நீ போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகுமா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். யுத்தத்துக்காகப் பெங்களூர் ரோட்டில் பட்டாள லாரிகள் ஓயாமல் போகின்றன. நம் பூவிருந்தவல்லியில் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாகிவிட்டது. நீ வைத்த கொய்யா காய்த்தது. அணில் தின்றது போக எனக்கு இரண்டு கிடைத்தது. கரையான்சாவடி அச்சாபீஸில் காகிதம் வருவதில்லை, வாரத்தில் மூன்று நாள்தான் எழுத்துக் கோர்க்கிறேன். மீதி நாளெல்லாம் வீட்டில் கித்தார் கற்றுக்கொள்கிறேன்.

சிரித்து முடித்தாயா? அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாணிக்கம் வேலியோரம் நின்று, ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டான். ஐம்பதுக்கு இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கிறது என்றேன்.  விரல் நுனியெல்லாம் கொப்புளம் கண்டு, உடைந்து, காய்த்துப்போனதை அவனிடம் காட்டி என்ன பிரயோஜனம்?

எதற்காக இந்தப் பாடு என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு நீ வாசிப்பாயே, நீயே கட்டிய அந்தப் பாட்டு. வார்த்தை இல்லாத பாட்டு. என்னைத் தவிர ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் நீ விட்டதில்லை. காய்ச்சல் முற்றியபோது நோட்டுப் புத்தகத்தை வாங்கி, எந்தக் கம்பி, கித்தார்க் கழுத்தில் எத்தனையாவது கோடு என்று வரி வரியாக எழுதி என் கையில் கொடுத்தாய்.

"இன்னாங்க, நான் செத்துப் பூட்டாலும் இது இருக்கணும்" என்றாய்.

இருக்கும் என்று சொன்னேன். நமக்குப் பிள்ளை இல்லை. உனக்குப் பிறகு உன்னுடையது என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்து மூன்று மாதம் கழித்துக் கித்தாரை எடுத்தேன். நீ எப்படிப் பிடிப்பாய் என்பது கண்ணிலேயே நின்றது. நீ கட்டிலில் உட்கார்ந்திருப்பாய், எதிரே நான் மணையில். கித்தாரின் கழுத்து என் இடப்பக்கம் நீண்டிருக்கும். அப்படியே இடப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். முதல் வரியில் 'கீழேயிருந்து முதல் கம்பி, மூணாவது கோடு' என்று எழுதியிருந்தாய். கீழேயிருந்து எண்ணி, முதல் கம்பியை அழுத்தினேன்.

சத்தம் சரியாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எஸ்தரு, எனக்கு என்ன ஞானம் இருக்கிறது? கோயிலில் நான் சுருதி தப்பிப் பாடுவதற்குப் பயந்து பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டே பாடுவாயே நீ. விரல் படியவில்லை, படிந்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். தினமும் உட்கார்ந்தேன். எட்டு மாதம். பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு தடங்கல் இல்லாமல் வந்தது. ஒருநாள் கண்ணை மூடி முழுதும் வாசித்து முடித்து, நீ எதிரே இருப்பதாகவே எண்ணி அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து உன் தங்கை கிரேஸ் வந்தாள். கல்யாணத்துக்கு முன் நீங்கள் இரண்டு பேரும் துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்தபோது, துரைசானி உங்கள் இருவருக்கும்தானே கித்தார் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அவளுக்காவது சொல்லிக்கொடுத்துவிட்டால் பாட்டு இன்னும் கொஞ்ச காலம் பிழைக்கும். பெருமையாக உட்கார்ந்து எடுத்தேன்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"மாமா, அக்கா பீச்சாங்கைக்காரியாச்சே. அவளுக்குன்னு துரைசானி கம்பியெல்லாம் மாத்திக் கட்டிக்கீறா. நீங்க சோத்தாங்கைல வாசிச்சுகினு கீறீங்க. இத்தினி வருசம் குடும்பம் நடத்திக்கீறீங்க, இது தெரியாதா?"

தெரியவில்லை. எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையில்தானே செய்தாய். சின்ன வயதில் உன் அம்மா இடது கையில் சூடு வைத்து வலது கைக்குப் பழக்கினாராம், கிரேஸ்தான் சொன்னாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நானாகப் பார்த்திருக்க வேண்டும் என்று விட்டுவிட்டாயா? எதிரே உட்கார்ந்த எனக்கு இடப்பக்கம் என்றால் உனக்கு அது வலப்பக்கம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இத்தனைக்கும் என் பிழைப்பு என்ன? நாளெல்லாம் அச்செழுத்தைத் திருப்பிப் படிக்கிறவன். எதிர்ப்புறமாகப் பார்த்துப் பார்த்து அதுவே எனக்கு நேராகிப்போனது. கதவைச் சாத்திக்கொண்டு நீ ஒளித்தது பாட்டை இல்லை, அந்தக் கையை. ஒளிக்காமல் காட்டியது என் ஒருவனுக்கு. நான் பார்க்கவில்லை.

கிரேஸ் கித்தாரை மடியில் கிடத்தி, கம்பிகளைத் திருகிச் சரிசெய்தாள். எட்டு மாதமாக நான் அழுத்தியது மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த கம்பி. உன் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக, சரியான கம்பியில் தட்டினாள்.

நான் காத்திருந்தேன். இதோ வருகிறது, என் எஸ்தரு வருகிறாள் என்று காத்திருந்தேன். ஏதோ ஒரு பாட்டு வந்தது. அழகான பாட்டுதான். யாருடையதோ.

"இது இல்லம்மா" என்றேன்.

நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறது என்றாள். மறுபடி வாசித்தாள். மூன்றாவது தரமும் வாசித்தாள். ஒரு இடத்திலாவது பிடிபடுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். என் காதுக்குள் நான் தப்பாக வாசித்ததுதான் ஓடியது. அதை நிறுத்த முடியவில்லை. அவள் அழுதாள், எனக்கு அழுகைகூட வரவில்லை. கற்றுக்கொள்ளாமல் சும்மா இருந்திருந்தால் காதிலாவது நீ இருந்திருப்பாய். இருக்கும் என்று உனக்குச் சொன்ன நானே, எட்டு மாதம் உட்கார்ந்து, உன்னை அழித்திருக்கிறேன். இதற்கு மன்னிப்பு என்று ஒன்று உண்டா?

கிரேஸ் ஊருக்குப் போய்விட்டாள். அவள் திருகியதில் ஒரு கம்பி துருவேறி, புரி பிரிந்து நிற்கிறது. அறுந்தால் யுத்தம் முடிகிறவரை வேறு கிடைக்காது. இடது கையால் ஒரு பொத்தான்கூட எனக்குப் போடத் தெரியாது.

ஆனாலும் நாளையிலிருந்து உன் பக்கமாகவே பிடிக்கிறேன். வந்துவிடும் என்று சொல்லி இன்னொரு தரம் உன்னை ஏமாற்ற மாட்டேன். முன்பின் தெரியாதவளின் பாட்டாகவே தினமும் வாசிக்கிறேன். என்றைக்காவது அது நீதான் என்று எனக்குத் தெரிந்தால், அன்றைக்கு அழுதுகொள்கிறேன்.

பத்தொன்பது வருஷம் உன் எதிரே உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரன்,
தேவசகாயம்