அந்த வரியை அடிக்க விடவில்லை

ஒப்போத்திக்கி,
ஜூலை 14

அன்பு மகள் ராஹெராவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். கிளாஸ்கோவில் கோடை என்று பெயர்தான், மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய், உடம்பைப் பார்த்துக்கொள். உன் அப்பா நலமா இல்லையா என்று மட்டும் ஒரு பேப்பர் வந்துதான் சொல்ல வேண்டுமாம். அது வரும்போது வரட்டும், நான் இப்போதே சொல்கிறேன், அவர் நலம்.

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடத்தான் நினைத்தேன், உன் கையெழுத்தாயிற்றே என்று வைத்திருக்கிறேன். அப்பா அந்த மனநல நிபுணர் பெண்ணின் கண்ணைப் பார்த்துப் பேசட்டும், சித்தப்பா குரல் எதுவும் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும், லாரி ஓட்ட விட்டுவிடுவார்கள், அப்புறம் வீட்டில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்கிறாய். நர்ஸ் வேலை பார்க்கிறவள், நல்லதற்குத்தான் சொல்கிறாய், தெரியும். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் மரலாரி ஓட்டிய மனிதர் கூடப்பிறந்த தம்பியை இல்லை என்று சொல்லியா சாவியை வாங்க வேண்டும்? அது நடக்காது.

உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், முழுசாகச் சொல்கிறேன் கேள். போன செப்டம்பரில் தீமொத்தி சித்தப்பாவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து, அப்பா காலையில் லாரியைக் கிளப்புவதற்கு முன் பத்து நிமிஷம் அவனோடு பேசுவார். அவன் பதில் சொல்வது அவர் காதில் விழும். நம் வீட்டில் யாருக்கு இதில் ஆச்சரியம்? லாரி நிற்கிற யார்டில் எவனோ கேட்டுவிட்டுக் கம்பெனியில் போய்ச் சொல்ல, அவர்கள் அப்பாவை மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். கிர்ஸ்டன் என்று பெயர், முப்பது வயசு இருக்கும். நான் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், டீ கோப்பை வைத்திருந்த மேசை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, குரல் எத்தனை நாளாகக் கேட்கிறது என்று கேட்டாளாம். சாப்பாடு வைக்கிற இடத்தில் உட்காருகிறவளிடம் செத்துப்போன தம்பியைப் பற்றி உன் அப்பா வாய் திறப்பாரா? மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஐம்பது நிமிஷம் தரையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அவள் எழுதினாள், ஒத்துழைக்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, கம்பெனி சொன்னதுபோலவே, இல்லாத ஒரு குரல் இவருக்குக் கேட்கிறது, லாரி ஓட்டத் தகுதியில்லை என்று.

நான் சும்மா இருப்பேனா? போன் போட்டு, மறுபடி பார்க்க வேண்டும், இந்தத் தடவை எங்கள் பூர்வகுடி முறைப்படி என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் பேசினேன், அவள் சரி என்றுவிட்டாள், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டாள். குடும்பம் வரும் என்றேன். பதினாலு பேர் போனோம். பொரித்த ரொட்டி ஒரு கூடை, சிப்பி ஒரு வாளி, பேச்சு முடிந்ததும் சாப்பிட. ஹூரியா அத்தை ஜெபம் செய்து முடித்த கையோடு, "அம்மாடி, அந்த மேசை வாய்க்குப் போறதை வைக்க, பின்பக்கத்தை வைக்க இல்ல, தெரிஞ்சுக்கோ" என்று அவளிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. பிறகு நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து எங்கள் மலை, எங்கள் ஆறு, எங்கள் ஆட்கள் என்று சொல்ல, சொன்னவருக்குத் துணையாக மற்றவர்கள் எழுந்து பாடினோம். அப்பா மட்டும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவள் முறை. கையில் ஒரு காகிதம். தெற்கே ஆட்டுப்பண்ணை, பக்கத்தில் ஓடிய ஆற்றின் பெயர் தெரியும், மலை பெயர் தெரியாது, தாத்தா கப்பலில் வந்தவர், எந்த ஊரிலிருந்து என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நிற்கிறாள். அவளுக்குப் பாட யார் இருக்கிறார்கள்? தனி ஆள். நான் உதட்டை அசைக்கவில்லை ராஹெரா, ஒப்புக்கொள்கிறேன். நிற்கட்டும், என் புருஷனை அன்றைக்கு ஐம்பது நிமிஷம் தனியாக உட்கார வைத்தாளே, அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்றுதான் இருந்தேன். அப்போது உன் அப்பா எழுந்தார். மெதுவாக நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். சித்தப்பாவைத் தேடி நாம் கரையில் நின்றோமே, அப்போது பாடிய பாட்டை எடுத்தார். பத்து மாதமாகப் பாடாத மனிதர். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவளுக்கா பாடுகிறீர்கள் என்று. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பாட முடியாதே, நானும் எழுந்து சேர்ந்துகொண்டேன். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டேதான். அவள் பேனாவைத் தொடவில்லை. சிப்பியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அந்த ஒன்றை அவள் நல்ல கணக்கில் எழுதலாம். போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கே வந்து, அனுப்புவதற்கு முன் புது அறிக்கையை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு, குரல் கேட்கிறது என்ற வரியை எடுத்துவிடட்டுமா, மேலே உள்ளவர்கள் பார்த்தால் பயப்படுவார்கள், அது இல்லையென்றால் வேலை சுலபமாக முடியும் என்றாள். அப்படியே நீ எழுதியதுதான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார், "எடுக்காதம்மா. என் தம்பி பேசுறான், நான் கேக்கறேன். வருஷம் முடிஞ்சு அவன் கல்லறைக்குக் கல் தொறக்குற வரைக்கும் எங்களோடதான் இருப்பான். இது நோவு இல்ல. அப்படியே எழுது." அவள் அந்த வரியை அப்படியே விட்டு, கீழே இது இந்தக் குடும்பத்தில் நோய் அல்ல, துக்கம், என் முதல் அறிக்கை தவறு, தவறு என்னுடையது என்று எழுதி, எங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை முடிவு தெரியும். சாவியைக் கொடுத்தால் ஓட்டுவார். கொடுக்காவிட்டால் கிவிப் பழத் தோட்டத்தில் என்னோடு கொடி வெட்ட வரட்டும், அங்கேயும் தம்பியோடு பேசலாம், கொடி எவனிடமும் போய்ச் சொல்லாது. இந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் செத்தவனை இல்லை என்று சொல்லப் போவதில்லை. உன் ஆஸ்பத்திரியிலும் கண்ணைப் பார்க்காத நோயாளி வந்தால், எழுதுவதற்கு முன் நீ யார் வீட்டுப் பெண் என்று முதலில் சொல்லு.

செப்டம்பர் இருபதாம் தேதி, வருஷம் நிறைந்து சித்தப்பாவின் கல்லறைக் கல் திறப்பு. டிக்கெட்டை இப்போதே எடு. கடவுளும் நம் முன்னோரும் உன்னைக் காக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் நீயும் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், ஒரு பாட்டைப் பழகிக்கொண்டு வா. அவ்வளவு தூரத்தில் இருந்து பாட்டெல்லாம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, வெறுங்கையோடு வா. உன் பக்கத்தில் வந்து நிற்க உன் அப்பா எழுந்துவிடுவார்.

உன் அம்மா,
மாகரெத்தா